கொலைகார பொம்மைப் படங்களின் அடுத்த பாகங்கள்: ஒரு ராத்திரிக்கு எதைப் போடலாம்?

கொலைகார பொம்மைப் படங்களில் முதல் பாகம் எதை எடுத்தாலும் பெரிதாக ஏமாற மாட்டீர்கள், சிக்கல் இரண்டாவதிலிருந்துதான் ஆரம்பம். முதல் பாகத்தின் கையில் ஒரு ரகசியம் இருக்கும். 1988-ல் வந்த 'சைல்ட்ஸ் ப்ளே' படத்தில் அம்மா பொம்மை வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கும்போது பேட்டரிகள் கீழே விழும், அப்படியானால் இத்தனை நாள் அந்தப் பொம்மை எதில் பேசிக்கொண்டிருந்தது என்று அவளுக்கும் நமக்கும் ஒரே நொடியில் உறைக்கும். அருமையான காட்சி, ஆனால் ஒரு தடவைதான் செல்லும். சக்கி என்கிற அந்தப் பொம்மைக்கு உயிர் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகு, அடுத்த பாகம் எடுப்பவர் என்ன செய்ய முடியும்? அதே பயத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் காட்டலாம், இல்லையென்றால் "முழங்கால் உயரப் பொம்மை ஒன்று கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறது, இதில் சிரிப்பு இருக்கிறது" என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் வகையைப் பற்றியது. வேண்டுமென்றே தூக்கலாக, அபத்தமாக, ரத்தமும் கேலியுமாக எடுக்கப்பட்ட தொடர்ச்சிகள்.

நான்கைந்து நண்பர்கள், ஒரு ராத்திரி, ஒரே ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். போட்டியில் இருப்பவை: 'சைல்ட்ஸ் ப்ளே 2', 'ப்ரைட் ஆஃப் சக்கி', 'சீட் ஆஃப் சக்கி', 'பப்பெட் மாஸ்டர் 3', 'மீகன் 2.0'. கதை கொஞ்சம் வெளியே வரும், முடிவுகளை முடிந்தவரை சொல்லாமல் விடுகிறேன். அனபெல் படங்களைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் அந்தப் பொம்மை தானாக எழுந்து நடப்பதுகூடக் கிடையாது, சும்மா உட்கார்ந்து முறைக்கும், சுற்றியிருக்கிற பிசாசுகள்தான் வேலை செய்யும். பயப்பட அது போதும், சிரிக்கப் போதாது.

என்னிடம் இருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: பொம்மை கடைசிவரை அற்பத்தனமாகவே இருக்கிறதா? சக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். டங்கரீஸ், கோடு போட்ட சட்டை, சிவப்பு முடி, கன்னத்தில் புள்ளிகள், குழந்தை முகம். உள்ளே இருப்பது சார்ல்ஸ் லீ ரே என்கிற வளர்ந்த கொலைகாரனின் ஆவி, வாயைத் திறந்தால் கெட்டவார்த்தை, ரோஷம் அதிகம், பொண்டாட்டியிடம் சண்டை, பிள்ளையிடம் எதிர்பார்ப்பு. அந்த உடம்புக்கும் அந்தப் புத்திக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் இந்த வகைப் படங்களின் மொத்தச் சிரிப்பும் இருக்கிறது. அந்த இடைவெளியை மூடினால், அதாவது பொம்மையை நல்லவனாக்கினாலோ உலகத்தைக் காப்பாற்றக் கிளப்பிவிட்டாலோ, படம் வேறு ஏதோ ஆகிவிடும். அது நல்ல படமாகக்கூட இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடி வந்தது அது இல்லை.

முதலில் 'சைல்ட்ஸ் ப்ளே 2', 1990. இதை இயக்கியவர் ஜான் லாஃபியா, முதல் பாகத்தின் எழுத்தில் பங்கெடுத்தவர். பொம்மைக் கம்பெனிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது, ஆகவே எரிந்துபோன சக்கியைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, புது முகம் போட்டு, "பாருங்கள், இதில் ஒன்றுமில்லை" என்று நிரூபிக்கப் பார்க்கிறார்கள். கம்பெனிக்காரர்களே கொலைகாரனுக்குப் புது உடம்பு தைத்துக் கொடுக்கிற இந்த ஆரம்பத்திலேயே ஒரு கிண்டல் இருக்கிறது. ஆனாலும் இது இன்னும் பயமுறுத்த ஆசைப்படுகிற படம். முதல் பாகத்துச் சிறுவன் ஆண்டி வளர்ப்புப் பெற்றோர் வீட்டில் இருக்கிறான், அம்மாவை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள், அவனை நம்ப ஒரு ஆள் இல்லை. இந்தப் பகுதியெல்லாம் நிஜமாகவே வருத்தமாக இருக்கும். அப்புறம் சக்கி பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து ஆண்டியின் பரீட்சைத் தாளில் டீச்சரைத் திட்டி எழுதிவைக்க, அந்தப் பழி பையன் மேல் விழுகிறது, அந்த டீச்சர் அளவுகோலால் அடிபட்டுச் சாகிறார். ஒரு பெரிய கொலைகாரன் செய்கிற வேலையா இது என்று கேட்டால், அதுதான் விஷயம். கடைசி இருபது நிமிடம் பொம்மைத் தொழிற்சாலைக்குள் நடக்கும். சுவர் சுவராக அடுக்கிய மஞ்சள் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் அதே முகம், நடுவில் கன்வேயர் பெல்ட், உருகிய பிளாஸ்டிக். இந்த மொத்த வகையிலும் இடத்தை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய வேறு க்ளைமாக்ஸ் எனக்குத் தெரியாது. உங்கள் கூட்டத்தில் "காமெடி எல்லாம் வேண்டாம், கொஞ்சமாவது பயம் வேண்டும்" என்கிற ஆள் ஒருவர் இருந்து, அவர் பேச்சுதான் எடுபடும் என்றால் இதைப் போடுங்கள். 84 நிமிடம்தான்.

மூன்றாம் பாகம் அடுத்த வருடமே வந்தது. ராணுவப் பள்ளி. விட்டுவிடலாம்.

அதற்குப் பிறகு ஏழு வருட இடைவெளி, 1998-ல் 'ப்ரைட் ஆஃப் சக்கி'. இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் என் ஓட்டு இதற்குத்தான். எல்லாப் பாகங்களையும் எழுதிய டான் மன்சினிதான் இதையும் எழுதினார், ஆனால் இயக்கியவர் ஹாங்காங்கிலிருந்து வந்த ரோனி யூ, கேமரா பீட்டர் பாவ். 2001-ல் 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய அதே பீட்டர் பாவ்தான். அது படத்தில் தெரிகிறது. பொம்மைகள் சண்டை போடுகிற ஒரு படத்துக்கு இவ்வளவு நீலமும் சிவப்புமாக வெளிச்சம் போட்டு, பழைய கோதிக் படம் மாதிரி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அவசியமில்லாத அந்த அக்கறைதான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது. கேலிப் படம் என்று தெரிந்தும் யாரும் ஏனோதானோ என்று வேலை செய்யவில்லை.

கதை இப்படி. சக்கி உயிரோடு இருந்த காலத்தில் காதலி டிஃபனி. போலீஸ் சான்றுக் கிடங்கில் துண்டுதுண்டாகக் கிடக்கிற பொம்மையை ஒரு போலீஸ்காரர் மூலம் வெளியே எடுத்து, அவரையும் தீர்த்துவிட்டு, நூலும் ஸ்டேப்பிளும் வைத்துத் தைக்கிறாள். அந்தக் கிடங்குக் காட்சியை உன்னிப்பாகப் பாருங்கள், மற்றப் பிரபல பேய்ப்பட வில்லன்களின் முகமூடிகளும் ஆயுதங்களும் அங்கே சும்மா கிடக்கும். தைத்து முடித்து, உயிர் வந்ததும், டிஃபனி பத்து வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த மோதிரத்தைக் காட்டுகிறாள், அவன் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளத்தான் அதை வைத்துவிட்டுப் போனான் என்று நினைத்துக்கொண்டு. அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அது கொலை செய்த ஒருத்தியிடமிருந்து எடுத்தது. ஆத்திரத்தில் அவனைக் குழந்தைகளுக்கான தடுப்புக் கூண்டில் அடைத்துப் போட்டு, கேலிக்காக ஒரு மணப்பெண் பொம்மையையும் வாங்கிக் கொடுக்கிறாள். அவன் தப்பித்து வந்து, அவள் குளியல் தொட்டியில் உட்கார்ந்து ஃப்ராங்கன்ஸ்டைனின் மணமகள் பற்றிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது டிவியைத் தொட்டிக்குள் தள்ளிவிடுகிறான். அவளுடைய உயிர் அந்த மணப்பெண் பொம்மைக்குள் போகிறது. இவ்வளவும் படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்.

மிச்சப் படம் முழுக்க ஒரு தம்பதி சண்டை. இருவரும் பொம்மை, இருவருக்கும் மனித உடம்பு வேண்டும், அதற்காக ஓடிப்போகிற இளஞ்ஜோடி ஒன்றின் வண்டியில் தொற்றிக்கொண்டு நியூ ஜெர்சி வரை போகிறார்கள். வழியில் பிணங்கள் விழ விழ அந்த இளஞ்ஜோடி ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற பொம்மைகள்தான் காரணம் என்று யாருக்குத் தோன்றும்? டிஃபனிக்கு வீடு, சமையல், மரியாதை எல்லாம் வேண்டும். அவள் சமைக்க, பாத்திரம் யார் கழுவுவது என்று இருவருக்கும் ஒரு சண்டை வரும், அவர்களிடம் மாட்டிக்கொண்ட இளஞ்ஜோடி அதைத் தூண்டிவிட்டுக் குளிர்காயும். எனக்கு இந்தத் தொடரிலேயே பிடித்த காட்சி இதுதான், கொலை எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. (இன்னொரு காட்சியும் இருக்கிறது, தேனிலவு அறை, கூரையில் கண்ணாடி, டிஃபனி எறிகிற ஒரு ஷாம்பெய்ன் பாட்டில். அதைப் பார்த்து சக்கிக்குக் காதல் பொங்கிவிடும். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.)

சக்கிக்குக் குரல் கொடுத்த பிராட் டூரிஃபும் டிஃபனியாக நடித்த ஜெனிஃபர் டில்லியும் வெவ்வேறு படங்களுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர்கள். பொம்மைப் படம்தானே என்று இருவரும் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுத்துப் பேசவில்லை, நிஜமாகவே மனம் உடைந்த மாதிரிதான் பேசுகிறார்கள். அதனால்தான் சிரிப்பு வருகிறது. அவர்களும் நம்மோடு சேர்ந்து கண்ணடித்திருந்தால் பத்து நிமிடத்தில் அலுத்திருக்கும். குறை இல்லாமல் இல்லை: அந்த இளஞ்ஜோடி அட்டைத்தனமானவர்கள், அவர்கள் தனியாகத் திரையில் வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். முந்தைய பாகங்கள் எதையும் பார்க்காதவருக்கும் புரியும் என்பது இன்னொரு வசதி. உலகம் முழுக்கச் சுமார் 5 கோடி டாலர் வசூல், செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த ஒரு தொடருக்கு அது பெரிய விஷயம்.

'சீட் ஆஃப் சக்கி', 2004. இதில் மன்சினியே முதன்முறையாக இயக்குநர். வசூல் முந்தையதில் ஏறக்குறையப் பாதி, பழைய ரசிகர்களில் பலருக்கு இன்றும் இதைக் கண்டால் ஆகாது. எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. சக்கி தம்பதியின் பிள்ளை கிளென், இங்கிலாந்தில் யாரிடமோ வதைபட்டுக் கிடக்கிற சாதுவான பொம்மை, ஹாலிவுட்டில் தன் பெற்றோரைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள் என்று டிவியில் பார்த்துவிட்டுக் கிளம்பி வருகிறது. அங்கே ஜெனிஃபர் டில்லி ஜெனிஃபர் டில்லியாகவே நடிக்கிறார், தன் சினிமா வாழ்க்கையைத் தானே கிழிகிழியென்று கிழிக்கிறார், டிஃபனி பொம்மைக்கோ அவருடைய உடம்பே வேண்டும். பிள்ளை ஆணா பெண்ணா என்று தாயும் தகப்பனும் மல்லுக்கட்ட, பிள்ளைக்கே அது தெரியவில்லை. கொலை செய்வதை ஒரு போதைப் பழக்கமாக எடுத்துக்கொண்டு அதை விடப் பாடுபடுகிற டிஃபனி, தான் கொன்றவரின் மனைவிக்கே போன் போட்டு மன்னிப்புக் கேட்கிறாள். ஒளிந்து படம் பிடிக்கிற பத்திரிகைப் புகைப்படக்காரராக, வேண்டுமென்றே அபத்தமாகவும் ஆபாசமாகவும் படம் எடுப்பதில் பெயர்பெற்ற இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் வருகிறார். அவர் வந்தாலே படம் எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

என் அளவுகோலுக்கு இந்தப் படமே ஒரு சாட்சியும் சொல்கிறது. ஐந்து பாகங்களாக மனித உடம்பு கேட்டு அலைந்த சக்கி, இதில் ஒரு கட்டத்தில் நின்று யோசித்து, எனக்கு அது வேண்டவே வேண்டாம், பொம்மையாக இருக்கும்போதுதான் நான் பெயர்பெற்றவன் என்று சொல்லிவிடுகிறான். இந்த வகைப் படங்கள் ஏன் பிடிக்கின்றன என்று என்னைக் கேட்டால் அந்த வசனத்தைத்தான் காட்டுவேன். ஆனால் முன்பின் தெரியாத கூட்டத்துக்கு இதைப் போடாதீர்கள். சினிமாவைப் பற்றிய சினிமா, நகைச்சுவையில் பாதி ஆபாசம், முந்தைய பாகம் பார்க்காவிட்டால் பாதி புரியாது. பயம் என்பது துளிக்கூடக் கிடையாது. இதைப் பார்த்து முடித்ததும் ஒருவர் "என்ன கண்றாவி இது" என்பார், இன்னொருவர் "இன்னொரு தடவை போடு" என்பார், இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதற்கு அடுத்து 2013-ல் வந்த 'கர்ஸ் ஆஃப் சக்கி' மறுபடி ஒரு இருட்டு வீட்டுக்குள் பயமுறுத்தப் போய்விட்டது, நல்ல படம், இன்றைய கணக்கில் வராது. 2019-ல் வந்த மறுஆக்கத்தில் மன்சினியும் இல்லை, டூரிஃபும் இல்லை. அதில் பொம்மைக்குள் ஆவி கிடையாது, கட்டுப்பாடு கழற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவுதான், அதன்மேல் பரிதாபம்தான் வருகிறது.

'பப்பெட் மாஸ்டர் 3', 1991, நேராக வீடியோவுக்கு வந்த படம். இதைப் பட்டியலில் வைத்ததற்குக் காரணம், என் அளவுகோலை அசைத்துப் பார்க்கிற படம் இது. இங்கே பொம்மைகள் கிட்டத்தட்ட நல்லவர்கள். 1941, பெர்லின். பொம்மலாட்டக்காரர் டூலோனின் மனைவியை நாஜிகள் கொன்றுவிடுகிறார்கள், செத்த உடம்பை எழுப்புகிற அவருடைய ரகசியம் அவர்களுக்கு வேண்டும், செத்த சிப்பாய்களை மறுபடி சண்டைக்கு அனுப்ப. அவர் தன் பொம்மைகளை ஏவிவிட்டுப் பழிவாங்குகிறார். மனைவியின் உயிரே வாயிலிருந்து அட்டைப்பூச்சிகளைக் கக்குகிற ஒரு பொம்மைக்குள் குடியேறுகிறது. ஆறு கைகளிலும் ஆறு துப்பாக்கி வைத்த கவ்பாய் பொம்மை ஒன்று சுவரேறிப் போய்ச் சுடும்.

பொம்மைகள் நல்லவர்கள் பக்கம் போன பிறகும் இது ஏன் ஓடுகிறது? யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது: பொம்மைகள் மாறவேயில்லை. தலையில் துளைக்கருவி வைத்தது அப்படியே ஓடிவந்து துளைக்கிறது, அட்டை கக்குவது அதே அட்டையைத்தான் கக்குகிறது, எதுவும் வாய் திறந்து வசனம் பேசவில்லை, வருந்தவில்லை, திருந்தவில்லை. எதிரே நிற்கிற ஆளை மட்டும் மாற்றிவிட்டார்கள், அதுவும் யாரும் இரக்கப்படாத ஆட்களாக. மலிவான படம், அது செட்டில் தெரியும், நடுவில் சில இடங்கள் இழுவை. ஆனால் பொம்மைகளை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படம்பிடித்த காட்சிகளில் ஒரு கைவேலை அழகு இருக்கிறது. கூட்டத்தில் பழைய வீடியோ காலத்துப் படங்கள்மேல் பித்துள்ளவர் யாராவது இருந்தால் அவர் உங்களுக்கு நன்றி சொல்வார், மற்றவர்கள் போனை எடுப்பார்கள்.

கடைசியாக 'மீகன் 2.0', 2025. முதல் 'மீகன்' 1.2 கோடி டாலரில் எடுத்துச் சுமார் 18 கோடி டாலர் சம்பாதித்த படம். தாய் தகப்பனை இழந்த சிறுமிக்குத் துணையாக அவள் சித்தி ஒரு ரோபோ பொம்மை செய்கிறாள், அது பாசத்தைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்கிறது. கொல்லப் போகிற வழியில் நடைபாதையில் நின்று அது ஆடுகிற ஆட்டம் படம் வெளிவரும் முன்பே டிரெய்லரிலிருந்து உலகம் சுற்றிவிட்டது. அந்த ஆட்டத்துக்கு எந்தக் காரணமும் கிடையாது, அதுதான் அதன் அழகு.

இரண்டாம் பாகத்தின் வசூல் சுமார் 4 கோடி டாலரில் நின்றது. இயக்குநர் அதே ஜெரார்ட் ஜான்ஸ்டோன், நடிகர்களும் பெரும்பாலும் அவர்களே. என்ன ஆயிற்று? ராணுவத்துக்காக மீகனின் தொழில்நுட்பத்தைத் திருடிச் செய்த அமீலியா என்கிற ரோபோ கைமீறிப் போக, அதை அடக்க மீகனையே மறுபடி எழுப்புகிறார்கள். பேய்ப்படம் போய் ஆக்‌ஷன் படம் வந்துவிட்டது. ரகசியத் தளம், உளவு, உலக ஆபத்து, விளக்கமோ விளக்கம், இரண்டு மணி நேரம். மீகன் வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை, ஆனால் அவள் யாரையும் அற்பக் காரணத்துக்காகக் கொல்வதில்லை, திருந்தப் பார்க்கிறாள். அறிவியல் புனைகதை ஆக்‌ஷனாக எடுத்துக்கொண்டால் படம் மோசமில்லை. நல்லவளான மீகனிடம் எனக்குத்தான் வேலை இல்லை.

அதே படத்தில் மீகனுக்கு உடம்பு தர யாருக்கும் தைரியம் வராமல், கார்ட்டூன் முகமுள்ள ஒரு குட்டி ரோபோ பொம்மைக்குள் அவளை அடைத்து வைத்திருக்கிற பகுதி ஒன்று உண்டு. உலகத்திலேயே புத்திசாலியான, ஆணவம் பிடித்த ஒரு ஜீவன், விளையாட்டுச் சாமானுக்குள் மாட்டிக்கொண்டு எரிந்து விழுகிறது. அந்தக் கொஞ்ச நேரம் படம் பிரமாதம். அப்புறம் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று அந்தச் சித்தியிடம் உருக்கமாக ஒரு பாட்டைப் பாட ஆரம்பிப்பாள், அந்த இடத்தில் அரங்கம் சிரிக்காமல் இருக்க முடியாது. பழைய குணம் எட்டிப் பார்க்கிற இடங்கள் மட்டும்தான் நிற்கின்றன. கூட்டத்தில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் நடைமுறையில் உங்களுக்கு இருக்கிற ஒரே தேர்வு இதுதான், அமெரிக்கத் தரச்சான்றில் இது பிஜி-13, மற்ற நான்கும் பெரியவர்களுக்கு.

ஆக, பொதுவான கூட்டத்துக்கு 'ப்ரைட் ஆஃப் சக்கி'. இரண்டு படத்துக்கு நேரம் இருந்தால் அதற்கு முன்னால் 'சைல்ட்ஸ் ப்ளே 2' போடுங்கள், சக்கி உண்மையில் யார் என்பது புரிந்துவிடும், இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'சீட் ஆஃப் சக்கி'யை இன்னொரு நாளைக்கு வையுங்கள், 'ப்ரைட் ஆஃப் சக்கி'யில் பாத்திரம் கழுவுகிற சண்டைக்கு யார் யார் சத்தமாகச் சிரித்தார்களோ அவர்களை மட்டும் கூப்பிட்டு. எதைப் போட்டாலும் ஆங்கில ஒலியிலேயே போட்டு சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள், டூரிஃபின் அந்தச் சிரிப்பு இல்லாமல் சக்கி பாதிதான்.